செல்லின் மேலுள்ள கடிவாளங்கள்

என் அத்தைக்கு முடக்கு வாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய், வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், வெதுவெதுப்பான நீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டு, சில நாள் அரை மணி நேரமும் சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் உட்கார்ந்திருப்பார். கொரோனா பரவிய நாட்களில் தெருவில் இருந்தவர்கள் அக்கறையோடு ஆளுக்கொரு கஷாயப் பொடியைக் கொண்டுவந்து, "எதிர்ப்புச் சக்தி கூடும், தவறாமல் குடியுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அத்தை என்னிடம் கேட்டார்: "எதிர்ப்புச் சக்தி கூடிப்போய்த்தானே கண்ணு எனக்கு இந்த வியாதியே வந்துச்சு? இன்னும் எதுக்கு அதையே கூட்டச் சொல்றாங்க?"

நுண்ணுயிரியலைப் படித்து, அதையே பல ஆண்டுகளாகக் கல்லூரியில் கற்பித்தும் வருகிற எனக்கு, எந்த மாணவரும் இவ்வளவு கூர்மையான கேள்வியைக் கேட்டதாக நினைவில்லை. நோயெதிர்ப்பு என்பதை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒற்றைப் பொருளாகவே நாம் பேசப் பழகிவிட்டோம். உடலுக்குள் நடப்பதோ வேறு. ஒவ்வொரு வெள்ளணுவின் மேற்பரப்பிலும், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்களான ஏற்பிகள் பல வகையாகப் பதிந்திருக்கின்றன. அவற்றில் சில 'தாக்கு' என்றும் சில 'நில்' என்றும் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செல் அடுத்து என்ன செய்யும் என்பதை இவ்விரு வகைச் செய்திகளின் கூட்டுத்தொகையே தீர்மானிக்கிறது. தாக்கச் சொல்லும் ஏற்பிகளைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்களிலேயே ஓரளவு படித்துவிடுகிறோம். நிற்கச் சொல்லும் ஏற்பிகளைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால், அத்தைக்கு அன்று நான் பாதியில் நிறுத்திய பதிலை இங்கே முழுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லின் ஏற்பி. ஒரு டி செல்லின் மேற்பரப்பில் ஏறத்தாழ 30,000 ஏற்பிகள் இருக்கின்றன. ஒரே செல்லில் இருப்பவை அனைத்தும் ஒரே வடிவம் கொண்டவை, அடுத்த டி செல்லில் இருப்பவை வேறு வடிவம் கொண்டவை. இந்த ஏற்பி, ரத்தத்தில் மிதந்து வரும் கிருமியை நேரடியாக அறிந்துகொள்வதில்லை. உடலின் மற்றொரு செல், தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எம்.எச்.சி என்ற தாங்கியில் வைத்துத் தன் மேற்பரப்பில் காட்ட வேண்டும். துண்டையும் தாங்கியையும் சேர்த்தே டி செல் படிக்கும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரால்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1974இல் எலிகளில் கண்டறிந்த இந்த உண்மைக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றிய எலியின் டி செல்கள், அதே வைரஸ் தொற்றிய வேறு இன எலியின் செல்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு.

இந்த ஏற்பியின் கூருணர்வு வியப்பானது. எதிரே நிற்கும் செல்லின் மேற்பரப்பில் தன் சொந்தப் புரதத் துண்டுகள் பல்லாயிரக்கணக்கில் பரவிக் கிடந்தாலும், அவற்றுக்கிடையே அந்நியத் துண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தாலே டி செல் விழித்துக்கொள்ளும். ஆனால் இவ்வளவு எளிதில் விழித்துக்கொள்ளும் ஒன்று தவறாகவும் விழித்துக்கொள்ளும். தன் உடலையே தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவற்றைத் தைமஸ் சுரப்பி ஆரம்பத்திலேயே அழித்துவிடுகிறது என்றாலும், தப்பி வருபவை நம் ஒவ்வொருவருக்குள்ளும் உண்டு. ஆகவே ஒரே ஏற்பியின் சொல்லை நம்பி டி செல் புறப்படுவதில்லை; இரண்டாவது சாட்சி ஒன்றும் தேவைப்படுகிறது.

அந்த இரண்டாவது சாட்சியின் பெயர் சி.டி.28. இதுவும் டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிதான். எதிரே இருக்கும் செல்லில் பி7 என்ற குடும்பத்தைச் சேர்ந்த சி.டி.80, சி.டி.86 என்னும் புரதங்கள் இருந்தால் அவற்றோடு இது பிணையும். அந்தப் புரதங்கள் எல்லாச் செல்களிலும் எப்போதும் இருப்பதில்லை. டி செல்களுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல் போன்றவை, தம்மிடமுள்ள டோல் வகை ஏற்பிகளால் கிருமியின் வாடையை உணர்ந்த பின்னரே அவற்றை மிகுதியாக வெளியே காட்டுகின்றன. எனவே முதல் ஏற்பி 'இது எனக்குப் பொருந்துகிறது' என்று சொல்ல, இரண்டாவது ஏற்பி 'இங்கே ஆபத்தும் இருக்கிறது' என்று உறுதிப்படுத்துகிறது. முதல் செய்தி மட்டும் வந்து இரண்டாவது வராமல் போனால், டி செல் தூண்டப்படாமல் விடப்படுவதோடு, பின்னால் சரியான அழைப்பு வந்தாலும் எழாத மந்த நிலைக்குப் போய்விடும். என்னைப் பொறுத்தவரை இதுவே இந்த ஏற்பாட்டின் மிக அழகான பகுதி: சாட்சி இல்லாத குற்றச்சாட்டைக் கொண்டுவந்தவரே அதன் பிறகு வாயடைத்துப் போகிறார்.

இனி அடக்கும் ஏற்பிக்கு வருகிறேன். பிரான்சின் மார்செய் நகரில் பியர் கோல்ஸ்டீனின் குழுவினர், கொல்லும் தன்மை கொண்ட டி செல்களில் மட்டும் வெளிப்படும் மரபணுக்களைத் தேடியபோது கிடைத்த ஒன்றுக்கு சி.டி.எல்.ஏ-4 என்று பெயரிட்டு 1987இல் வெளியிட்டார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சி.டி.28ஐ ஒத்த அமைப்பு கொண்டது என்பது விரைவில் தெரியவந்தது. அதுவும் அதே பி7 புரதங்களோடுதான் பிணைகிறது, அதுவும் சி.டி.28ஐவிட ஏறத்தாழ 20 மடங்கு இறுக்கமாகப் பிணைகிறது என்று 1991இல் பீட்டர் லின்ஸ்லியின் குழு காட்டியது. ஒரே பொருளைப் பற்றிக்கொள்ளும் இரட்டையர் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள் என்று எண்ணுவது இயல்பு, சி.டி.எல்.ஏ-4உம் டி செல்லைத் தூண்டும் ஏற்பியே என்று பலரும் அப்படித்தான் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில ஆய்வகங்களின் முடிவுகள். 1994இல் ஜெஃப்ரி புளூஸ்டோனின் குழுவும், 1995இல் பெர்க்லியில் இருந்த ஜேம்ஸ் ஆலிசனும் மேத்யூ கிரம்மலும், இந்த ஏற்பி டி செல்லை அடக்குகிறது என்று தனித்தனியே அறிவித்தார்கள். அதே 1995இல் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை இரண்டு குழுக்கள் உருவாக்கின. அந்த எலிக்குட்டிகளில் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, இதயத்திலும் கணையத்திலும் பிற உறுப்புகளிலும் புகுந்து சிதைத்தன. பிறந்து மூன்று நான்கு வாரங்களில் அவை இறந்துபோயின. தொற்று எதுவும் அவற்றைக் கொல்லவில்லை. ஒரே ஒரு ஏற்பி இல்லாத காரணத்தால் அவற்றின் சொந்தப் பாதுகாப்புப் படையே அவற்றைக் கொன்றது. அத்தையின் கேள்விக்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன்.

இந்த ஏற்பி அடக்கும் விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது. இதன் பெரும்பகுதி செல்லின் மேற்பரப்பில் இருப்பதில்லை. உள்ளே சிறு பைகளில் ஒளிந்திருந்து, வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே வரும்போது எதிரே இருக்கும் செல்லின் பி7 புரதங்களை இறுகப் பற்றி, அவற்றைப் பிய்த்துக்கொண்டு தன் செல்லுக்குள் திரும்புகிறது. அங்கே அந்தப் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. பிரிட்டனில் டேவிட் சான்சமின் குழு 2011இல் இதைக் காட்டியது. எதிரே உள்ள செல்லுக்குக் கட்டளை இடுவதற்குப் பதில், கட்டளை எழுதப்பட்ட ஓலையையே கவர்ந்து போய்விடுகிற உத்தி இது, சி.டி.28 பற்றிக்கொள்ள எதிரே எதுவும் மிச்சமிருக்காது. நம் உடலில் அமைதி காக்கும் ஒழுங்காற்று டி செல்கள் இந்த ஏற்பியை எப்போதும் மிகுதியாக வைத்திருப்பது இதனால்தான்.

மனிதர்களிலும் இதற்குச் சான்று உண்டு. சி.டி.எல்.ஏ-4 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் கடுமையான தன்னெதிர்ப்பு நோய்கள் வரலாம் என்று 2014இல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. மறு ஆண்டு, எல்.ஆர்.பி.ஏ என்ற வேறொரு புரதம் இல்லாத குழந்தைகளுக்கும் அதே போன்ற நோய் வருவதன் காரணம் புரிந்தது: உள்ளே போகும் சி.டி.எல்.ஏ-4 சிதைந்துவிடாமல் மீட்டுக்கொண்டு வருவது அந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாவிட்டால் மரபணு நன்றாக இருந்தும் மேற்பரப்பில் ஏற்பி இருக்காது. இந்தக் குழந்தைகளுக்குப் பலனளித்த மருந்து அபாடசெப்ட். சி.டி.எல்.ஏ-4 ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் எடுத்து, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் வால்பகுதியோடு ஒட்டித் தயாரிக்கப்படும் அது, ரத்தத்தில் கரைந்து திரிந்து பி7 புரதங்களை மூடிவிடும். முடக்கு வாதத்துக்கு அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி பெற்ற மருந்தும் இதுவே. அத்தைக்கு அது தேவைப்படவில்லை; வாரத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவருடைய நோய்க்கான மருந்து ஒன்று, உடலே செய்துவைத்திருந்த கடிவாளத்தின் நகல் என்பதை அறிந்தபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டாவது பெரிய கடிவாளம் பி.டி-1. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாசுகு ஹோன்ஜோவின் ஆய்வகத்தில் யாசுமாசா இஷிதா, செல்கள் தாமாகவே இறந்துபோவதற்குக் காரணமான மரபணுக்களைத் தேடி 1992இல் இதைக் கண்டெடுத்தார். திட்டமிட்ட சாவு என்ற பொருளில் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. சாவோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த மரபணு இல்லாத எலிகள் சி.டி.எல்.ஏ-4 இல்லாதவற்றைப் போல உடனே இறக்கவில்லை. வயது ஏற ஏற அவற்றுக்கு மூட்டு அழற்சியும், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயை ஒத்த சிறுநீரக நோயும் வந்தன என்று 1999இல் ஹோன்ஜோவின் குழு எழுதியது. இரண்டு ஏற்பிகளும் வேலை செய்யும் இடம் வேறு என்பதே இந்த வேறுபாட்டில் தெரிகிறது. முதலாவது, நிணநீர் முடிச்சுகளில் டி செல் புறப்படும் வேளையிலேயே பிடித்து நிறுத்துகிறது. இரண்டாவது, போரிடும் திசுவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிறது.

திசுவில் நடப்பது இது. டி செல்கள் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை, அதாவது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதத்தை, வெளியிடுகின்றன. அதை உணரும் சுற்றுப்புறச் செல்கள் பி.டி-எல்1 என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் உயர்த்திக் காட்டுகின்றன. அந்தப் புரதம் டி செல்லின் பி.டி-1ஐப் பிணைத்து அதன் வேகத்தைக் குறைக்கிறது. தாக்குதலே தன்னை அடக்கும் செய்தியையும் வரவழைத்துவிடுகிறது. செல்லுக்குள் நடப்பதைச் சொல்வதானால், தூண்டும் ஏற்பிகளின் வால்பகுதியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் மேல் கைனேஸ் நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன, பி.டி-1 தன் வாலில் எஸ்.எச்.பி-2 என்ற நொதியை அழைத்து வைத்துக்கொள்ள, அது அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. ஒட்டுவதும் நீக்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், எது மேலோங்குகிறது என்பதே செல்லின் முடிவாகிறது. பி.டி-1 முதன்மையாகக் குறிவைப்பது டி செல் ஏற்பியைவிட சி.டி.28ஐத்தான் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னபோது, இரண்டாவது சாட்சியின் வாயைத்தான் இரண்டு கடிவாளங்களும் வெவ்வேறு வழியில் அடைக்கின்றன என்பது தெளிவாயிற்று.

நீண்ட காலம் தங்கிவிடும் தொற்றுகளில் இந்த அடக்கம் அளவு மீறிப் போகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் குழு, நாட்பட்ட வைரஸ் தொற்று கொண்ட எலிகளில் டி செல்கள் பி.டி-1ஐ மிகுதியாகச் சுமந்துகொண்டு களைத்துக் கிடப்பதையும், அந்தப் பிணைப்பைத் தடுத்தால் அவை மீண்டும் எழுவதையும் 2006இல் காட்டியது. புற்றுநோய்க் கட்டிகள் இதே வழியைக் கைக்கொள்கின்றன, பி.டி-எல்1ஐத் தம் மேல் உயர்த்திக் காட்டி, அருகே வரும் டி செல்களை ஓயவைக்கின்றன.

கடிவாளத்தை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. ஆலிசன் 1996இல் சி.டி.எல்.ஏ-4ஐத் தடுக்கும் ஆன்டிபாடியால் எலிகளின் கட்டிகளைக் கரைத்துக் காட்டினார். மனிதர்களுக்கான அத்தகைய ஆன்டிபாடியான இபிலிமுமாப், பரவிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு 2011 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முக்கியச் சோதனையில் பாதி நோயாளிகள் உயிரோடிருந்த காலம் 6.4 மாதங்களிலிருந்து 10 மாதங்களாக உயர்ந்தது. எண்ணிக்கையில் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த மருந்து பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் மூன்று ஆண்டுகளைக் கடந்தும் வாழ்ந்தார்கள் என்பதே மருத்துவர்களை அசைத்தது. பி.டி-1ஐத் தடுக்கும் நிவோலுமாப் 2014 ஜூலையில் ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது. ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளை நான் வகுப்பில் எப்போதும் விரிவாகச் சொல்வேன், ஏனெனில் அந்த ஏற்பிகள் அன்றாடம் எதைத் தடுத்துக்கொண்டிருந்தன என்பதை அவையே எழுதிக் காட்டுகின்றன. பெருங்குடல் அழற்சி, தைராய்டு அழற்சி, பிட்யூட்டரி அழற்சி, சிலருக்கு முதல் வகை நீரிழிவு, அரிதாக உயிரைப் பறிக்கும் இதயத் தசை அழற்சி, மூட்டு வீக்கம் என்று அந்தப் பட்டியல் நீளும். கடிவாளம் இருந்தவரை நமக்குத் தெரியாமலே நின்றுகொண்டிருந்த தாக்குதல்கள் இவை.

தூண்டும் ஏற்பியைத் தவறாகத் தொட்டதன் விளைவையும் சொல்லியாக வேண்டும். 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடி ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. டி செல் ஏற்பியின் உதவியே இல்லாமல் சி.டி.28ஐ மட்டும் கொண்டு டி செல்லை எழுப்பக்கூடியது அது. ஒழுங்காற்று டி செல்களைப் பெருக்கி முடக்கு வாதம் போன்ற நோய்களைத் தணிக்கும் என்பது எதிர்பார்ப்பு. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் சைட்டோகைன் புயல் எழுந்து, பின்னர் உறுப்புகள் செயலிழந்து, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அனைவரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல்களின் பகுதிகளையும் இழந்தார். பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்களுள் உடனே தாக்கக்கூடிய வகையைச் சேர்ந்தவற்றில், சோதிக்கப்பட்ட குரங்குகளுக்கு சி.டி.28 இல்லை என்பதும், மனிதர்களின் அதே செல்களில் இருக்கிறது என்பதும் பின்னர்தான் புரிந்தது. ஏற்பி ஒன்றுதான், ஆனால் எந்தச் செல்லின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது என்பதில் ஆறு உயிர்கள் ஊசலாடின.

நம் நாட்டுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இதே ஏற்பிகளின் கணக்கிலிருந்து வந்தது. நிவோலுமாபின் முதல் சோதனைகளில், உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும், ரத்தத்தில் உள்ள டி செல்களின் பி.டி-1 ஏற்பிகளில் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டு மாதங்கள் வரை மூடப்பட்டே இருந்தன. ஏற்பிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவை நிரம்பிய பிறகு மேலும் மருந்தை ஊற்றுவது நிரம்பிய குடத்தில் நீர் வார்ப்பது போன்றது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீலும் குமார் பிரபாஷும் அவர்களது குழுவினரும், குணப்படுத்த முடியாத தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தரப்படும் மருந்தை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் என்ற அளவில், மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மூன்று மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். முழு அளவு மருந்தோடு ஒப்பிட்ட சோதனை அல்ல இது என்பதை மறக்கக்கூடாது. ஆயினும், விலையைக் கேட்டதுமே வீட்டுக்குத் திரும்பிவிடும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில், ஆறு வாரக் கணக்கில் 18இல் ஒரு பங்கு மருந்து போதக்கூடும் என்று காட்டிய இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவற்றையெல்லாம் பல மாலைகளில் சிறிது சிறிதாக அத்தையிடம் சொல்லி முடித்தபோது, அவர் இன்னொன்றையும் கேட்டார்: "அப்ப எனக்குப் புத்துநோய் வந்தா இந்த ஊசியைப் போட முடியாதா கண்ணு?" போடலாம் என்பதுதான் பதில். முடக்கு வாதம் உள்ளவர்களுக்குக் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்தைக் கொடுக்கும்போது பலருக்கு மூட்டு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. புற்றுநோய் மருத்துவரும் மூட்டு நோய் மருத்துவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அதைச் சமாளிக்க முடிகிறது. நிவோலுமாபால் இதயத் தசை அழற்சி வந்து, ஸ்டீராய்டுக்கும் அடங்காமல் போன ஒரு பெண்மணியை, பாரிஸ் மருத்துவர்கள் அபாடசெப்ட் கொடுத்துக் காப்பாற்றியதாக 2019இல் எழுதினார்கள். பி.டி-1ஐத் தடுத்ததால் பாய்ந்த டி செல்களை, சி.டி.எல்.ஏ-4இன் நகல் நிறுத்தியிருக்கிறது. அந்த மருந்தின் பெயரை அத்தை என்னிடம் கேட்டு, தன் மாத்திரை அட்டைகளோடு வைத்திருக்கும் சிறு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். அன்று காலை விரல்கள் எளிதாக மடங்கியதால் எழுத்து நேராக வந்திருந்தது.